பெட்டி வச்ச இடம்

துரைராசுன்னு கேட்டா ஊர்ல யாருக்கும் சட்டுனு தெரியாது. பெட்டிக்காரர்னு கேட்டுப் பாருங்க, மணிக்கூண்டுக்கிட்ட நிக்கிற ஆட்டோக்காரர்லேர்ந்து மாதா கோயில் வாசல்ல மெழுகுவர்த்தி விக்கிற சவரியம்மாள் வரைக்கும் கையை நீட்டி வழி காட்டுவாங்க. வாயைத் திறந்து மட்டும் சொல்ல மாட்டாங்க. அவர் வாடகைக்கு விடறது செத்தவங்களை வைக்கிற ஐஸ் பெட்டி.

கீழ்வேளூர்லேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற சின்ன ஊர் அது. வீட்டுக்கு ஒருத்தராவது சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருக்காங்க. இங்க பெத்தவங்க மூச்சு நின்னா, அங்கேர்ந்து புள்ளை பிளேன் புடிச்சு வர்ற வரைக்கும் உடம்பு தாங்கணுமே, அதுக்குத்தான் துரைராசு. பத்தொம்பது வருஷமா இதே பொழப்பு. பள்ளிவாசல் தெருவுல மட்டும் அவருக்கு வேலை கிடையாது, அவங்க அன்னிக்கே அடக்கம் பண்ணிடுவாங்க. அதனாலயோ என்னமோ, அவரை வழியில பார்த்தா நின்னு நாலு வார்த்தை பேசற ஒரே ஆளு அந்தத் தெரு மீரா உசேன்தான்.

தேரடித் தெருவுல இருக்கிற பழைய வீடுகளைப் பார்க்க மெட்ராஸ்லேர்ந்தெல்லாம் கார் போட்டுக்கிட்டு வர்றாங்க. தேக்குத் தூணு, முற்றம், நிலைப்படியில செதுக்கின கஜலட்சுமி, எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கிட்டு, நூத்தம்பது வருஷத்து வீடாமேன்னு வாயைப் பொளக்கறாங்க. அவங்க பார்த்தது வாசல். உள்ள எந்த ரேழியில பெட்டி திரும்பும், எந்தப் படியில நிமித்தித் தூக்கணும், எந்தக் கூடத்துல பிளக் வேலை செய்யாதுன்னு துரைராசுக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனா ஒவ்வொரு வீட்டையும் அவர் பார்த்தது சாவு அன்னிக்கு மட்டும்தான். ஒரு கல்யாணத்துக்கு, ஒரு காதுகுத்துக்கு அவருக்குப் பத்திரிகை வந்தது கிடையாது. அதுல அவருக்கு ரொம்ப வருத்தம். வெளிய சொல்லிக்க மாட்டார். சொல்லி என்ன ஆகப் போவுது?

இந்தத் தொழிலுக்குன்னு ஒரு வாய்க்கட்டு உண்டு. யார் வீட்டுலேர்ந்து கிளம்பினாலும் நாம போயிட்டு வரேன்னுதான் சொல்லுவோம். சாவு வீட்டுல மட்டும் சொல்லக் கூடாது. சொல்லாம கொள்ளாம எழுந்திரிச்சுப் போயிடணும். வரேன்னா இன்னொரு சாவுக்கு வரேன்னுல்ல ஆயிடும். போற வர்ற சனம் சொன்னாலே ஆகாது. பெட்டிக்காரர் சொன்னா?

பத்தொம்பது வருஷம் சொல்லாம இருந்த மனுஷன், போன சித்திரையில சொல்லித் தொலைச்சார்.

தேரடித் தெரு ஞானாம்பாள் எழுபத்தெட்டு வயசுல தவறிப்போனாங்க. மகன் ராஜராஜன் சிங்கப்பூர்லேர்ந்து வர்ற வரைக்கும் ஒன்றரை நாள் பெட்டி அவங்க வீட்டுக் கூடத்துல இருந்துச்சு. உடம்பை எடுத்துக்கிட்டுப் போன பிறகு துரைராசும் அவர் கூட்டாளி குழந்தைராஜும் பெட்டியை எடுக்கப் போனாங்க. பேருதான் குழந்தை, ஆளுக்கு அம்பத்தஞ்சு வயசு, மூஞ்சியில பாதி மீசை.

ஒயரைச் சுருட்ட துரைராசு கொல்லைப்பக்கம் போனார். அங்க ராஜராஜன் பொண்டாட்டி மாலதி உட்கார்ந்திருந்தா. எட்டு மாசம். மாசமா இருக்கறவ சாவைப் பார்க்கக் கூடாதுன்னு ரெண்டு நாளா அவளைப் பின்கட்டுலயே வச்சிருந்தாங்க. தாய் இல்லாத பொண்ணு, தலைப்பிரசவத்துக்கு மாமியாரைத்தான் நம்பியிருந்தா. அழுது அழுது கண்ணு வீங்கிக் கிடந்துச்சு. அந்த நிலைமையிலயும், "வெயில்ல அலையறீங்களேண்ணே"ன்னு ஒரு சொம்பு மோரை நீட்டினா.

சாவு வீட்டுல பெட்டிக்காரருக்குத் தாகம் எடுக்கும்னு நெனைச்ச மொதல் ஆளு அவதான். துரைராசு சொம்பை ரெண்டு கையாலயும் வாங்கினார். ஒரே மூச்சுல குடிச்சிட்டு, சொம்பைக் கீழ வச்சிட்டு, சொந்தக்காரங்க வீட்டுலேர்ந்து கிளம்பற மாதிரி, "போயிட்டு வரேம்மா"ன்னுட்டார்.

அவளும் யோசிக்கலை. வாய்ப்பழக்கம். "சரிண்ணே, வாங்க"ன்னுட்டா.

வீடு கழுவ தண்ணி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ரெத்தினம் அக்கா, வாளியை அப்படியே இறக்கி வச்சா. குழந்தைராஜ் சிலுவை போட்டுக்கிட்டார். வரேன்னு இவர் சொல்லியாச்சு, வாங்கன்னு அவளும் கூப்பிட்டாச்சு, அதுவும் வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு. துரைராசுக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தார்.

அன்னியிலேர்ந்து பெட்டி குளிரலை.

மறுவாரம் ஒரு வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போய் சுவிட்சைப் போட்டா, ஓடுது, சத்தம் வருது, உள்ள கையை வச்சா சமையல்கட்டு மாதிரி வெதுவெதுன்னு இருக்கு. நாகப்பட்டினத்துல ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டுபோய்க் காட்டினார். அந்த ஆளு முழுசா கழட்டிப் பார்த்துட்டு, "கேஸ் இருக்கு, கம்ப்ரசர் நல்லா ஓடுது, குழாயில ஐஸ் கூட புடிக்குது. குளிர் மட்டும் எங்கண்ணே போவுது?"ன்னு தலையைச் சொறிஞ்சான்.

துரைராசு வீட்டுல முடங்கிட்டார். போன் அடிச்சா எடுக்கவே மாட்டார், தேரடித் தெருவா இருக்குமோன்னு. பதினாறாம் நாள் கருமாதி முடிஞ்சு ராஜராஜன் சிங்கப்பூர் திரும்பிட்டான்னும், ஒன்னுவிட்ட சித்தி வந்து சேர்ற வரைக்கும் மாலதி தனியாத்தான் இருக்கான்னும், ரெத்தினம் அக்கா சாப்பாடு கொடுத்து அனுப்பறான்னும் காதுல விழுந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அது என் நாக்கால வந்ததுன்னு நெனைச்சு நெனைச்சு மனுஷன் பாதியா இளைச்சுப் போனார்.

குழந்தைராஜ்தான் ஒருநாள் சொன்னார். "சொன்ன சொல்லு அங்க நிக்குதுய்யா. வரேன்னியே, பெட்டியோட வரேன்னா சொன்னே? சும்மா போ. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கிட்டு, விருந்தாளி மாதிரி போய் உட்கார்ந்துட்டு வா. அத்தோட தீர்ந்துச்சு."

துரைராசுக்கு அது சரின்னு பட்டுச்சு. மறுநாள் உச்சி வெயில்ல வண்டியைத் தேரடியிலயே நிறுத்திட்டார். வண்டி முழுக்க ஐஸ் பெட்டின்னு எழுதியிருக்கே, அதோட தெருவுக்குள்ள போனா சனம் அலறிடும். நடந்தே போனார். தெருவுல ஒரு காக்கா குருவி இல்லை. கதவைத் தட்டினார்.

மாலதி திறந்தா. உதடு வெளுத்துப் போயிருந்துச்சு, கண்ணுல பாதி தூக்கம். "வாங்கண்ணே. வருவீங்கன்னு தெரியும்"னா.

"எப்படிம்மா தெரியும்?"

"வரேன்னு சொன்னீங்கள்ல."

அவர் செருப்பைக் கழட்டிப் போட்டார். கூடத்துக்குள்ள வந்தா, செவப்பு சிமெண்ட் தரையில, அன்னிக்குப் பெட்டி வச்ச அதே இடத்துல ஒரு தலையணை கிடந்துச்சு. பாய் கூட இல்லை.

"இங்கயா படுத்துக்கறே?"

"வீடு பூரா கொதிக்குதுண்ணே. இந்த இடம் மட்டும் சில்லுனு இருக்கு. ஒருநாள் தெரியாம மிதிச்சப்பதான் தெரிஞ்சுது. படுத்தா எழுந்திரிக்கவே மனசு வரலை. அத்தை பக்கத்துல உட்கார்ந்து தலையைக் கோதிவிடற மாதிரியே இருக்கு. நீ தூங்கு, நான் பார்த்துக்கறேன்னு சொல்ற மாதிரி."

துரைராசு குனிஞ்சு தரையில வலது கையை வச்சார். ஒரு பக்கம் சுட்டுச்சு. ஒரு விரக்கடை நகர்த்தினா ஐஸ். கோடு கிழிச்ச மாதிரி எல்லை. ரெண்டேகால் அடி அகலம், ஆறேமுக்கால் அடி நீளம். அதை அளக்கவே வேண்டாம், அது அவரோட பெட்டி. இத்தனை நாளா அந்தப் பொண்ணு அதுக்குள்ளதான் படுத்துக்கிட்டிருக்கா.

அவர் கையை வெடுக்குனு எடுத்துட்டு நிமிர்ந்தார். எப்படியோ கேட்டுட்டார். "புள்ளை நல்லா அசையுதாம்மா?"

அவ வயித்தைத் தடவிப் பார்த்தா. "நேத்துலேர்ந்து அதுவும் தூங்குதுண்ணே"ன்னு சிரிச்சா.

பழச் சீப்பு எங்க விழுந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. ரெத்தினம் அக்காவைக் கூப்பிட்டுக்கிட்டே வாசலுக்கு ஓடினார். ரெத்தினம் அக்கா வந்து அந்த இடத்துல வெறுங்காலோட ஏறி நின்னு, "எங்க சில்லுனு இருக்கு? சுடுதே"ன்னா. அப்புறம் மாலதி மூஞ்சியைப் பார்த்துட்டு அவ நெத்தியில கையை வச்சுப் பார்த்தா. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா வர அரை மணி நேரம் ஆகும்னாங்க. ஆட்டோக்காரர் எவரும் போனை எடுக்கலை. இருக்கிறது ஒரே வண்டி.

"பொணப் பெட்டி ஏத்தற வண்டியில மாசமானவளை ஏத்துவாங்களா? நீங்க செஞ்சது போதாதா?"ன்னு ரெத்தினம் அக்கா வழியை மறிச்சுக்கிட்டு நின்னா.  அவ சொல்றதும் நியாயம்தான்னு அவருக்கே தோணுச்சு.

மாலதி நிலைப்படியைப் புடிச்சுக்கிட்டு, "ஏத்துங்கண்ணே"ன்னா.

வண்டி கொண்டுவந்து ஏத்தினார். திட்டிக்கிட்டே ரெத்தினம் அக்காவும் ஏறி அவ தலையை மடியில வச்சுக்கிட்டா. பத்தொம்பது வருஷமா ஹாரனே அடிக்காத வண்டி அன்னிக்கு மணிக்கூண்டுலேர்ந்து பைபாஸ் வரைக்கும் அடிச்சுக்கிட்டே போச்சு. வழக்கமா அந்த வண்டியைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிற சனமெல்லாம் திரும்பிப் பார்த்துச்சு. உயிரோட இறக்கி விட்டுடணும், ரெண்டையும் உயிரோட இறக்கி விட்டுடணும்னு துரைராசு வழி நெடுக அழுதுக்கிட்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில உடனே ஆபரேஷன் பண்ணாங்க. குழந்தைக்குத் துடிப்பு ரொம்பக் கொறைஞ்சிருந்துச்சாம். இன்னும் ஒரு மணி நேரம் தாமதிச்சிருந்தா கஷ்டம்னு டாக்டரம்மா சொன்னாங்க. பொண் குழந்தை. பொறந்து ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் அழுதுச்சு. வெளிய பெஞ்சுல இருந்த துரைராசு அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு ரெத்தினம் அக்கா காலுல விழப் போனார். அந்தம்மா "அட, எழுந்திரிங்க"ன்னு தூக்கிவிட்டா.

முப்பதாம் நாள் அவருக்குப் போன் வந்துச்சு. தேரடித் தெரு. எடுத்தார். "பாப்பாவுக்குப் பேரு வைக்கறோம்ணே, அண்ணியைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க"ன்னா மாலதி. வாழ்க்கையில மொத அழைப்பு. பொண்டாட்டி பொன்னுத்தாய் பீரோவுலேர்ந்து பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கிட்டா. துரைராசு சலவை வேட்டி, குழந்தைக்கு ஒரு வெள்ளிக் கொலுசு.

கூடம் பூரா சனம். ராஜராஜன் லீவு போட்டு வந்திருந்தான், அவர் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லை. பந்திக்கு எல்லாரும் பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்து, மாலதி குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு அவர்கிட்ட வந்தா. அவ மூஞ்சியில ரத்தம் ஊறியிருந்துச்சு. பெட்டி வச்ச அந்த இடத்துல வெறுங்காலோட நின்னா.

"இப்ப சில்லுனு இல்லைண்ணே. மத்த தரை மாதிரியே சுடுது. எனக்கு அதை நெனைச்சா ராத்திரியில பயமாத்தான் இருக்கு. நீங்களும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துச் சொல்லுங்களேன்."

துரைராசு குனிஞ்சு வலது கையை வச்சார். உள்ளங்கையில ஏறின குளிர் முழங்கை தாண்டித் தோள் வரைக்கும் போச்சு. முன்னைவிட அதிகம். கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. குழந்தை அவரையே பார்த்துக்கிட்டிருந்துச்சு.

"ஆமாம்மா, சுடுது. இனிமே பயப்படாதே"ன்னார்.

அவ நிம்மதியா மூச்சு விட்டுட்டு, பக்கத்துல வச்சிருந்த பாயசத்தை எடுத்து நீட்டினா. துரைராசு இடது கையை நீட்டினார். நல்ல நாளும் அதுவுமா, விவரம் தெரிஞ்ச மனுஷன். மாலதி அந்தக் கையைப் பார்த்தா, மரக்கட்டையா தொங்கிக்கிட்டிருந்த வலது கையைப் பார்த்தா. டம்ளரை அந்த இடது கையிலயே கொடுத்தா.