மனைவியின் பெயரில் என் கையெழுத்து

எங்கள் வீட்டில் நடந்தவற்றுக்கெல்லாம் திகதி, கிழமை, நேரம் மூன்றும் என் நாட்குறிப்பில் உண்டு. மகளுக்குப் பல் முளைத்தது, கிணற்றில் வாளி விழுந்தது, காணியைக் கேட்டு அரசாங்க அலுவலகமான கச்சேரி வாசலில் நான் குந்தியிருந்தது எல்லாம். இப்படிப்பட்டவனை மாட்டிவைக்க வெளியாள் தேவையில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்தபோது மகள் மேசையில் ஒரு மனுவை விரித்து வைத்திருந்தாள். எங்கள் முஸ்லிம் திருமணப் பதிவில் மணமகளின் கையெழுத்து தேவையில்லை; அவளுக்காக வாப்பா போட்டால் போதும். அதை மாற்றக் கேட்டு அவளும் கல்முனைப் பெண்கள் சிலரும் எழுதிய மனு. முதல் கையெழுத்து தன் உம்மாவுடையதாக இருக்க வேண்டுமென்பது அவள் பிடிவாதம். உம்மாவே போடாவிட்டால் மற்ற வீட்டுப் படிகளை எந்த முகத்தோடு ஏறுவது?

"உம்மா குசினியில வேலையா இரிக்கா. தா மகள், அவக்கும் சேத்து நானே போட்டுடுறேன்" என்று பேனாவைத் திறந்தேன்.

"வாப்பா, இப்ப சென்னத்த நீங்களே ஒருக்காக் கேட்டுப் பாருங்க."

எனக்கு உறைக்கவில்லை. அவள் அலுமாரியிலிருந்து என் பழைய மனுக் கோவையை எடுத்து வந்தாள். மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல் யுத்த காலத்தில் கைவிட்டுப் போனபின் நான் அனுப்பிய மனுக்களின் பிரதிகள். திகதி வரிசையில், பூச்சி அரிக்காமல் வேப்பிலை வைத்துக் காத்தவை. எல்லாவற்றிலும் என் மனைவியின் கையெழுத்து. எல்லாம் நான் போட்டவை. கடைசி எழுத்தின் வாலை மட்டும், பெண் எழுதியது போலிருக்கட்டுமென்று, சற்று வளைத்திருந்தேன்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"அல்லாவே! இத்தின போராட்டத்துல நான் நிண்டிரிக்கேனா? ஒருத்தரும் எனக்குச் செல்லல்லியே!"

"உனக்கு எதுக்கு அலைச்சல் எண்டுதான்..."

"காணி ஆர்ட?"

நான் கோவையின் நாடாவைக் கட்டத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதப்படும். மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். போனது அவளுடைய வயல். நான் உட்கார்ந்திருந்ததும் அவள் வீட்டுக் கதிரை. உரிமைக்காக நிற்பவர் என்று ஊரில் பேரெடுத்தது மட்டும் நான். என் வாப்பாவும் என் உம்மாவின் காணிக்கு இப்படித்தான் கையெழுத்துப் போட்டார். பக்கத்திலிருந்து மை தொட்டுக் கொடுத்தவன் நானே.

மகள் மனுவை நீட்டினாள். "உம்மா, போடுவீங்களா?"

"வாசிக்காம எப்புடிப் போடுற? கண்ணாடிய எடு."

வரி வரியாக வாசித்தாள். குசினியில் கறி அடிப்பிடிக்கும் மணம் வந்தது. மனுவின் இரண்டாம் பந்தியை விளக்கலாமென்று வாயைத் திறந்தேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இரிங்க. இவ்வளவு காலமும் எனக்காகக் கதைச்சது போதும்."

பிறகு மெதுவாகக் கையெழுத்திட்டாள். கோவையில் இருந்த ஒன்றோடும் அது ஒத்துப்போகவில்லை.

"இப்ப நீங்க போடுங்க வாப்பா" என்றாள் மகள். "ஒங்கட பேர மட்டும்."

மனைவியின் பெயருக்குக் கீழே போட்டேன். பழக்கதோஷம், வால் கொஞ்சம் வளைந்துவிட்டது.