அம்மா கட்டிய மஞ்சள்

அம்மாவின் பீரோவை ஒழித்தபோது குங்குமச் சிமிழுக்குள் சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள் ஒன்று கிடைத்தது. கறுத்துச் சுருங்கி, கயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. குப்பையென்று என் மருமகள் எடுத்துப் போடப் போனாள், வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன். எனக்கு அண்ணியின் ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் அப்போது வியட்நாமில் இருந்தோம். அண்ணி சைகோனில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வீட்டுக்கு வந்தாலும் வகுப்பு முடியாது. உப்பை எடுத்தால் உப்பு எங்கிருந்து வந்தது என்று ஆரம்பிப்பார். அதற்குள் சோறு குழைந்துவிடும். அம்மா அதற்காக அவரைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் காப்பி மட்டும் அண்ணி கையால்தான் குடிப்பாள்.

போர் முடிந்து நாங்கள் காரைக்காலுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அப்பாவும் அண்ணனும் முன்பே போய்விட்டார்கள். விமான நிலையத்தில் தங்கத்தை விடமாட்டார்கள், கல்யாண மோதிரத்தை மட்டும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று பேச்சு. எங்கள் பெண்களுக்கு மோதிரம் ஏது? கழுத்தில் கிடப்பதுதானே கல்யாணம். புருஷன் இருக்கும்போது தாலியைக் கழற்றுவதற்குப் பதில் இங்கேயே கிடந்து சாகிறேன் என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதும் அசையவில்லை.

அண்ணி 'பென்தான்' என்கிற பெரிய சந்தைக்குப் போனார். காய்ந்த மஞ்சள் அகப்படாமல், சமையலுக்கு விற்கிற பச்சை மஞ்சளையே வாங்கிவந்தார். அம்மாவைப் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய், மஞ்சள் கோத்த கயிற்றை முதலில் தன் கழுத்தில் முடிந்துகொண்டார். அதன் பிறகே தன் தங்கத் தாலியைக் கழற்றி அம்மன் காலடியில் வைத்தார்.

"அத்தை, தங்கம் இந்தப் பூமியில உண்டானதில்ல. எப்பவோ ஒரு பெரிய நட்சத்திரம் வெடிச்சப்ப வந்தது. இந்த மஞ்சள்ல இருக்கிற கரியும் நட்சத்திரத்துக்குள்ள வெந்ததுதான். அதெல்லாம் சேர்ந்துதான் பூமியே ஆச்சு. ரெண்டும் ஒரே இடத்துச் சரக்கு. மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது."

"நீ சொல்றது ஒண்ணும் புரியல," என்றாள் அம்மா. "ஆனா நீயும் வாழ்றவதானே. உனக்கு இல்லாத பயமா எனக்கு?" என்று அண்ணியிடம் கழுத்தை நீட்டினாள்.

அப்பா இருந்தவரை அம்மா மறுபடி தங்கத்துக்கு மாறவே இல்லை. கேட்பவர்களிடம், "இதுவும் நட்சத்திரந்தான், என் மருமவ சொன்னா" என்பாள்.

தங்கத்தில் பெரும்பகுதி, செத்துப்போன இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதியதில் உண்டாகியிருக்கலாம் என்று இப்போது எழுதுகிறார்கள். அண்ணி இருந்திருந்தால் தான் சொன்னது தப்பாகிவிட்டதே என்று சந்தோஷமாகச் சோற்றைக் குழையவிட்டிருப்பார். மஞ்சளைப் பற்றி அவர் சொன்னதை யாரும் திருத்தவில்லை. சிமிழைத் துடைத்து, மஞ்சளை உள்ளே போட்டு, என் நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.