சுரண்டி எடுத்த ரவிக்கை

என் எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். பல சங்கதி மறந்தும் போய்விட்டது. ஆத்திரம் மட்டும் மறக்கவில்லை.

ஐம்பதுகளில் நாங்கள் மாமல்லபுரத்தில் இருந்தோம். அம்மா சவுக்குத் தோப்பில் சுள்ளி பொறுக்கி விற்பாள். எங்கள் சாதிப் பெண்கள் ரவிக்கை போட்டால் நிலத்துக்கார வீடுகளில் முகத்தைச் சுளிப்பார்கள். அம்மா அதைச் சட்டை செய்யாமல் வெள்ளைத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் ரவிக்கை போட்ட முதல் பெண் அவள்தான்.

செங்கல்பட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த போட்டோக்காரர் ஒருவர், இங்கே வந்து கல் ரதங்களைப் படம் எடுத்து, அட்டையில் அச்சுப் போட்டு வெளியூர்க்காரர்களுக்கு விற்பார். ஒரு நாள் சுள்ளிக் கட்டோடு போன அம்மாவை நிறுத்தினார்.

"இந்தாம்மா, அந்தக் கல் யானை பக்கத்துல நில்லு. ரவிக்கைய கழட்டிட்டு சேலைய மட்டும் சுத்திக்க."

"இன்னா சாமி பேசற? எடுக்கறதுன்னா இப்படியே எடு. இல்லாட்டி நான் போறேன்."

"சரி, சரி, நில்லு. உனக்கும் ஒரு படம் தரேன்."

அந்த ஒரு படத்துக்காகத்தான் அம்மா நின்றாள். ரவிக்கையோடு தன்னைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை. அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "தலைய தூக்கு, பல்லு காட்டாத" என்று அதட்டினார். கேமராவில் படம் விழும் கண்ணாடித் தகட்டை மாற்றி மாற்றி எடுத்தார். ஒரு தடவை அம்மா சிரித்தேவிட்டாள்.

படம் தயாரானதும் ரவிக்கையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள். அவர் அட்டையை மேஜையில் வைத்தார். அதில் அம்மா வெறும் தோளோடு நின்றாள்.

"என் ரவிக்கை எங்க சாமி?"

அவர் சிரித்தார். கண்ணாடித் தகட்டை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இதுல வெள்ளை, கறுப்பா விழும். அந்தக் கறுப்ப பிளேடால மெல்ல சுரண்டினா அச்சுல தோல் மாதிரி ஆயிடும். எவனும் கண்டுபிடிக்க முடியாது."

"ஏன் சுரண்டின?"

"பழைய கல்லு பக்கத்துல தச்ச ரவிக்கை ஒட்டலம்மா. வாங்கறவனுக்குப் புடிக்காது."

"கல்லுக்குத் துணி இல்லன்னா எனக்கும் இருக்கக்கூடாதா? நான் சிரிச்சது கீதே, அதையாவது குடு."

"அத கழிச்சிட்டேன். சுள்ளி சுமக்கறவ சிரிச்சா படம் எடுபடுமா?"

இனி அவனுக்கு என்ன மரியாதை? நேரில் கேட்டபோது கழற்றாதவளை, கதவைச் சாத்திக்கொண்டு பிளேடால் உரித்திருக்கிறான். அதைக் கைவேலை என்று பெருமையாகக் காட்டவும் செய்கிறான்!

அம்மா தகட்டைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். கண்ணாடி சிதறியது.

"அடிப்பாவி! போலீசக் கூப்புடுவேன்!"

"கூப்புடு. அவுங்க வந்து இந்த அட்டையயும் பாக்கட்டும், என்னையும் பாக்கட்டும்."

போலீஸ் வரவில்லை. ஆனால் தகடு உடைந்து என்ன பயன்? அச்சுப் போட்ட அட்டைகள் அதற்குள் கடைக்குப் போய்விட்டன. எங்கள் தெருவிலேயே ஒருத்தி கேட்டாள்: "இன்னாக்கா, வூட்டாண்ட ரவிக்கை, போட்டோவுக்கு மட்டும் அவுத்துட்டியா?" அம்மா சொன்ன பதிலை யாரும் நம்பவில்லை. போட்டோ பொய் சொல்லுமா என்றார்கள்.

கல் யானைக்குப் பக்கத்தில் சுள்ளிக் கட்டோடு ஒரு பெண் நிற்கும் பழைய அட்டை உங்கள் வீட்டில் இருந்தால், அவள் தோளை உற்றுப் பாருங்கள். ரவிக்கைக் கை முடிகிற இடத்தில் கோடு தெரியும் என்று நினைக்கிறேன். வலது தோளா இடது தோளா என்று எனக்கு நிச்சயமில்லை. நான் சொன்ன சுரண்டல் வேலையிலும் தப்பு இருக்கலாம். அந்தக் காலத்து ஸ்டூடியோ வேலை தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அவள் ரவிக்கை போட்டிருந்தாள் என்பதை மட்டும் திருத்த வேண்டாம்.