நன்கு அறிந்த இருவர்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவின் கடைசி அறையில் ஒரு தையல் மெஷின். கிழிந்த படுக்கை விரிப்பு, பட்டன் போன நோயாளிச் சட்டை எல்லாம் அங்கேதான் வரும். பத்தொன்பது வருடமாக அவற்றைத் தைப்பவளுக்குத் தையலக்கா என்று பேர். கதவைத் திறந்து மூட்டையைத் தள்ளுவார்கள். "அக்கா, நாளைக்கு வேணும்!" அவ்வளவுதான். மெஷின் சத்தத்தில் அவள் பதில் சொன்னாலும் யாருக்குக் கேட்கப்போகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்தாள். அண்ணன் வெளிநாடு போனான். கல்லூரிக்குப் போகவேண்டியவள் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொண்டாள். அம்மா போய் நாலு வருடம். மாலையில் பழைய பள்ளிப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போடுவாள். விடை சரியாக வந்தால் சொல்ல ஆளில்லை. அந்த நேரத்தில்தான் வீடு பெரிதாகத் தெரியும்.

மாலைநேரக் கல்லூரியில் கணிதம் படிக்கவேண்டும். வயது வரம்பு நாற்பத்தைந்து. அடுத்த வருடம் அவள் அதைத் தாண்டிவிடுவாள். விண்ணப்பத்தில் எல்லாம் சுலபம், ஒரு கட்டத்தைத் தவிர: 'உங்களை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத இருவரின் நற்சான்று, கையெழுத்துடன்.' மூன்று வருடமாக அங்கேதான் வண்டி படுத்துக்கொள்கிறது. ஒருவர் மேற்பார்வையாளர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். இன்னொருவருக்கு எங்கே போவது? அவளுக்கு யாரோடும் சண்டையில்லை, யாரோடும் ஒட்டுமில்லை.

கடைசி நாள் காலையில் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"உறவுக்காரங்க கூடாதாம்ணா."

"அப்ப நான் தப்பிச்சேன்," என்று சிரித்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

மாடிவீட்டு அம்மாவைக் கேட்டாள். பதினோரு வருடப் பழக்கம், 'தண்ணி வந்துச்சா?' என்பதைத் தாண்டாத பழக்கம்.

"கையெழுத்தா? எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க."

கதவு சாத்திக்கொண்டது. கிணற்றில் போட்ட கல்தான்.

சான்றிதழ் நகல்களைப் போன வருடமும் கோபத்தில் கிழித்துப் போட்டிருந்தாள். ஆள்தான் இல்லை, நகலாவது இருக்கட்டும் என்று ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் மதிப்பெண் பட்டியலைக் கண்ணாடிமேல் கவிழ்த்தார்.

"இந்த வருஷமாவது குடுத்துடுவீங்களாம்மா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் குடுக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குடுத்திருந்தா மறுபடி வருவீங்களா? இது நாலாவது வாட்டி. கணக்குல தொண்ணூத்தேழு. ஒவ்வொரு வாட்டியும், இவங்க ஏன் மேல படிக்கலைன்னு நெனச்சுக்குவேன்."

அப்படி ஒருவரும் நினைத்ததாக அவளுக்குத் தெரியாது. அழுகை வந்தது, அடக்கவில்லை. விண்ணப்பத்தை அவர் முன்னால் திருப்பி, காலியாக இருந்த கட்டத்தைக் காட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதி, கையெழுத்தும் போட்டார்.

ஐந்து மணிக்குக் கல்லூரிக் குமாஸ்தா அதை வாய்விட்டுப் படித்தார்: "'நான்கு ஆண்டுகளாகத் தெரியும். ஒவ்வொரு ஆண்டும் ஆசையோடு வந்து, விண்ணப்பிக்காமல் விட்டுவிடுபவர். கணக்கில் கெட்டிக்காரர். தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.'" கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ரொம்ப நெருங்கினவரோ?"

"ஆமாங்க," என்றாள்.

அன்றைக்கு முன்னால் அவள் அந்த மனிதரிடம் பேசியதெல்லாம், 'ரெண்டு காப்பி' என்பதுதான்.