சும்மா அசகான் வரைக்கும்

விடிந்தும் விடியாத நேரத்தில் டுரியான் துங்கல் ஏரியைத் தாண்டினால் ஒரு வாடை வரும் பாருங்கள்... பனியில் நனைந்த ரப்பர் இலை, காய்ந்த ஒட்டுப்பால், எங்கள் மோட்டார் சைக்கிளின் புகை, மூன்றும் கலந்த வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை.

அப்போது பத்து பெரண்டாமில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. நானும் வசந்தாவும் ஒரே லைன், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, அரிசியைவிடச் சின்னச் சாமானில் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் நிமிர்ந்தால் எதிரில் வருகிறவர் முகமே கலங்கலாகத்தான் தெரியும்.

அதனால் லீவு நாளில் எங்களுக்குத் தூரமாக எதையாவது பார்க்க வேண்டும்.
அவ்வளவுதான் ஆசை.

என்னிடம் கப்சாய் என்கிற பழைய சின்ன மோட்டார் சைக்கிள் இருந்தது. ஆனால் ஓட்டுவதில் வசந்தாதான் கில்லாடி. அவள் அண்ணனுடைய ஜாக்கெட்டை, நம் ஊர் மோட்டார்காரர்கள் செய்கிற மாதிரி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொள்வாள். நெஞ்சில் காற்று அடிக்காது. முகத்தை மூடும் ஹெல்மெட் வேறு. நான் பின்னால்.

குருபோங்கில் கிளம்பினால் டுரியான் துங்கல், மாச்சாப், செலண்டார்... செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ரோடு ஏறி இறங்கும்போது வயிற்றுக்குள் கூசும். அசகான் பக்கம் போனால் லேடாங் மலை திடீரென்று முன்னால் வந்து நிற்கும். மோட்டாரை ஓரம் கட்டி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம்.

ஒரு ஞாயிறு, செலண்டார் முச்சந்தியில் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லாரி எங்களைக் கடந்தது. ஓட்டியவர் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் நாகப்பன் மாமா. தெரிந்தவர் ஆயிற்றே என்று நான் கையை வேறு ஆட்டினேன்.

மாமா நேராக எங்கள் அப்பாவிடம்தான் போயிருக்கிறார்.

"ஒம் மக எவனோ ஒரு பையன் பின்னால ஒக்காந்துகிட்டு செலண்டார் பக்கம் சுத்துது. என்னப் பாத்து கை வேற ஆட்டுது!"

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கையை நீட்டினார். மோட்டார் சாவி சாமி மேடைக்குப் போனது, முருகன் படத்துக்குப் பின்னால்.

"யாரு லா அவன்? இனிமே மோட்டார் கிடையாது. ஃபேக்டரி பஸ்ஸுல போ, வா. போதும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ பா, அது வசந்தா!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"சரி, அவ்ளோ தூரம் எதுக்குப் போனீங்க?"
"சும்மா பா."
"சும்மான்னா? கல்யாணமா, கருமாதியா?"
"ஒண்ணுமில்ல. மலையப் பாத்தோம், வந்துட்டோம்."

அப்பாவின் முகம் மாறியதே... பையனோடு போனதைவிட இது பெரிய குற்றமாகிவிட்டது! அப்பா செலண்டார் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் பார்த்த பெண்கள் லயத்து வீட்டை விட்டு வெளியே போனால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள், சாவு வீட்டுக்குப் போவார்கள். காரணமே இல்லாமல் ஒரு பெண் ரோட்டில் போவது அவருக்குப் புரியவே இல்லை.

"தம்பி டெய்லி சும்மாதானே சுத்துறான்? அவன் சாவிய ஏன் பா வாங்கல?"

அப்பா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே இறங்கி வந்தார். பாவம், நல்ல மனுஷன். "இங்க பாரு. கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போங்க. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். சாவிய நானே எடுத்துத் தாரேன்."

சொல்லியிருக்கலாம். எத்தனையோ பெண்கள் அப்படித்தான் சமாளித்தார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாரம் முழுக்கக் குனிந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவள், ஒரு நாள் மலையைப் பார்க்க முருகனைப் பொய்சாட்சிக்கு இழுக்க வேண்டுமா?

"மாட்டேன் பா. சும்மா போறேன்னு சொல்லிட்டுத்தான் போவேன்."

அடுத்த ஞாயிறு காலை குளித்து, திருநீறு பூசி, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே சாமி மேடையில் கையை விட்டுச் சாவியை எடுத்தேன்.

"அடியே!" என்று அம்மா அலறினார்.

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். என்னைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார்.

"பிரேக்க செக் பண்ணிக்க," என்றார்.

வசந்தாவை ஏற்றிக்கொண்டு... இல்லை, அவள்தான் என்னை ஏற்றிக்கொண்டாள். தாமான் முனையில் நாகப்பன் மாமா லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன்.

"மாமா! அசகான் போறோம்!"
"என்னா விசேஷம் அங்க?"
"ஒரு விசேஷமும் இல்ல மாமா! சும்மா!"

தாமானுக்கே கேட்கும்படி கத்தினேன். வசந்தா ஹெல்மெட்டைக் கழற்றி, "வணக்கம் மாமா, அந்தப் பையன் நாந்தான்," என்றாள். மாமாவின் கையிலிருந்த ஹோஸ் அவர் காலையே கழுவிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த ரோடு அகலமாகிவிட்டது. ரப்பர் காடு பாதி செம்பனை, பாதி தாமான். பெண்பிள்ளைகள் பெரிய பைக்குகளில் கூட்டமாகப் போய், கஃபே வாசலில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது... கொஞ்சம் பொறாமையாகவும்தான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வசந்தா ஜொகூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். முடிந்தபோதெல்லாம் வந்துவிடுவாள். ஓட்டுவது இன்றைக்கும் அவள்தான்.

கேள்வி கேட்கிறவர்கள் மட்டும் குறையவில்லை. அன்றைக்குப் பெண் என்றார்கள், இன்றைக்கு வயது என்கிறார்கள். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில் என் மகனே வாய்ஸ் போட்டான்.

"மா, இந்த வயசுல இதெல்லாம் தேவையா லா? சொல்லுங்க, நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

அதற்குக் கீழே சொந்தக்காரர்களின் கட்டைவிரல்கள் வரிசையாக.

பதில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

"தேவையே இல்ல டா. அதனாலதான் போறேன்."