சிவப்புப் பிடியை ஓடுங்கோ

சந்திரிகாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், பாத்திரத்தை உருட்ட மாட்டாள். வீட்டிலுள்ள கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவாள். அறைந்து சாத்துவதில்லை. கீல் முனகுகிறதா, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பவள்போல ரொம்ப நிதானமாகச் செய்வாள். அலமாரி, பிரிட்ஜ், பால்கனி என்று அவள் போகப் போக, கணவர் வாசுதேவன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு மகள் வைஷுவைப் பார்ப்பார்.

"ஆபீஸ்ல எவனோ மாட்டிண்டிருக்கான்" என்பார்.

அந்த மழைக்காலம் முழுக்க, புனேயில் சாங்வி பக்கம் இருந்த அந்த வீட்டுக் கதவுகளுக்கு ஓய்வே இல்லை.

கதவுதான் அவள் பிழைப்பு. லால்குடிக்காரி, திருச்சியில் மெக்கானிகல் படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் பிம்ப்ரி பக்கம் பஸ் பாடி கட்டும் ஒரு தொழிற்சாலையில் கதவு வரைந்து கொடுத்தாள். அப்புறம் ரயில் பெட்டிக் கதவு. கடைசியில், எண்பது பேர் உட்காரக்கூடிய சின்ன பயணிகள் ஜெட் ஒன்றை உருவாக்கக் கிளம்பிய கம்பெனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. பெரிய விமானங்கள் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கும் பறக்கவேண்டிய ஜெட். அதில் இறக்கைக்கு மேலே ஜன்னலோரமாக இருக்கும் அவசரக் கதவு அவளுடையது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயணியே சிவப்புக் கைப்பிடியை இழுக்க வேண்டும். இழுத்தால் கதவு வெளிப்பக்கமாக எகிறித் திறந்துகொள்ளும். பலமில்லாத கையாலும் இழுக்க முடிய வேண்டும், விளையாட்டாக யாரும் இழுத்துவிடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பிடிமானம் கிடைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வைஷு ஸ்கூலில் சேர்ந்தபோது ஆரம்பித்த வேலை. கதவு தேறியபோது வைஷு காலேஜில் இருந்தாள்.

விமானம் முதன்முதலாகப் பறந்து காட்டிய அன்று எல்லோரும் சக்கரத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். சந்திரிகா இறக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்கியதும் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "அப்பா! அதுவா திறந்துக்கலை."

இனி சேவைக்கு வரவேண்டியதுதான் பாக்கி. முதல் விமானங்களை வாங்கிய ஏர்லைன்ஸ் புனேயிலிருந்து திருச்சிக்கு விடுவதாகச் சொல்லியிருந்தது. ஆபத்து நேரத்தில் பணிப்பெண்கள் ஆங்கிலம், இந்தியோடு தமிழிலும் குரல் கொடுக்க வேண்டும் என்றது. அதற்குத் தமிழ் வாக்கியங்கள் தேவைப்பட்டன.

"வெளியில எதுக்குக் கொடுக்கணும்? நானே தமிழன்தானே" என்றார் கோவிந்தராஜன்.

அவர் சந்திரிகாவின் மேலதிகாரி. பயணிகள் பகுதி முழுவதற்கும் தலைவர். அவருடைய தாத்தா ராணுவக் கணக்கு ஆபீசில் வேலை கிடைத்து புனேயில் கேம்ப் பகுதிக்குக் குடிவந்தவர். பேரன் வீட்டில் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. வாக்கியங்களை ஆங்கில எழுத்திலேயே அடித்துக் கொடுத்தார். சந்திரிகா பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "நீங்க கதவைப் பாருங்கோ மேடம்" என்று சொல்லிவிட்டார்.

கோவிந்தராஜன் பேசும் தமிழ் சந்திரிகாவுக்குப் புதிதல்ல. அவள் புகுந்த வீட்டுத் தமிழும் அதுதான். மராத்தியில் 'ஓட்' என்றால் இழு என்று அர்த்தம். மரியாதையாகச் சொன்னால் 'ஓடா'. பல தலைமுறையாகப் புனேயில் இருக்கும் சில குடும்பங்களில் அது சத்தமில்லாமல் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது; 'இழு' என்ற சொல்லே வழக்கில் இல்லாமல் போய்விட்டது. புது மருமகளாக வந்த அன்று மாமியார் அவளிடம், "அந்த டிராயரை ஓடு" என்றார். சந்திரிகா வாசலைப் பார்த்தாள், சமையலறையைப் பார்த்தாள், எந்தப் பக்கம் ஓடுவது என்று விழித்தாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கொஞ்ச காலத்தில் அவளும் பழகிக்கொண்டாள்.

அந்தச் சிரிப்புதான் ஜூலையில் விஷமாகத் திரும்பி வந்தது.

போசரியில் ஒரு பெரிய கொட்டகைக்குள் விமானத்தின் உட்புறத்தை அச்சு அசலாகக் கட்டி வைத்திருந்தார்கள். ஏர்லைன்ஸ்காரர்கள் முன்னால் ஓர் ஒத்திகை. பிம்ப்ரி, சிஞ்ச்வட் தமிழர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். அவசரக் கதவுக்குப் பக்கத்தில் துரைசாமி. மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையரான, திடகாத்திரமான மனிதர். விளக்கை அணைத்தார்கள். புகை விட்டார்கள். பணிப்பெண்ணாக நின்ற பெண் தாளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்:

"சிவப்புப் பிடியை ஓடுங்கோ! ஓடுங்கோ! ஓடுங்கோ!"

துரைசாமி ஓடினார். அவர் பின்னால் இருந்தவர்களும் ஓடினார்கள். முன்பக்கக் கதவருகே எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். துரைசாமியின் கணுக்கால் பிசகியது. சந்திரிகாவின் கதவை யாரும் தொடக்கூட இல்லை.

அதைவிடக் கொடுமை வேறொன்று. கொட்டகை ஓரத்தில் நின்றிருந்த சந்திரிகாவின் காதில் அந்த வாக்கியம் முதலில் தப்பாகவே படவில்லை. ஜனங்கள் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. 

மறுநாள் வந்த அறிக்கையில் இரண்டே காரணங்கள். பயணி பதறிவிட்டார்; கைப்பிடி சாதாரண ஆளுக்கு விளங்கவில்லை. கோவிந்தராஜனின் கைங்கரியம். வெளிநாட்டிலிருந்து தயார்க் கதவு வாங்கிப் பொருத்திவிட்டால் குறித்த நாளில் சேவை தொடங்கலாம் என்றும், கதவுக் குழுவைக் கலைத்து வேறு வேலைக்குப் போடலாம் என்றும் அவரே யோசனை எழுதியிருந்தார். அந்த வாரக் கூட்டத்தில் முடிவாகும்.

சந்திரிகா வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்தாள், மூடினாள்.

"பிடியை ஓடுங்கோன்னு எழுதியிருக்கார். ஓடிட்டா. கதவு சரியில்லைங்கறார்."

"அதுல என்ன தப்பு? கரெக்டாத்தானே எழுதியிருக்கான்" என்றார் வாசுதேவன்.

"கரெக்டா?"

"ஓடுன்னா ஓடறது. கையால."

"காலாலன்னா ஓடுவா! திருச்சில போய் யார்கிட்டயாவது கதவை ஓடுன்னு சொல்லிப் பாருங்கோ, டாக்டர்கிட்ட கூட்டிண்டு போவா!"

வைஷு மொபைலிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, நீயும் அப்படித்தானே சொல்லுவே? நேத்திக்குக்கூட, மாவு டப்பாவை முன்னாடி ஓடி வெச்சுக்கோன்னியே."

சந்திரிகா பால்கனிக் கதவை மூன்று தடவை திறந்து மூடினாள். கோவிந்தராஜன் மேல் இருந்த கோபத்தில் ஒரு துண்டு உடைந்து அவள் மேலேயே விழுந்திருந்தது. மிச்சம் இன்னும் சூடாகிவிட்டது.

அடுத்த நாள் பிம்ப்ரிக்குப் போய்த் துரைசாமியைப் பார்த்தாள். காலை ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு அவர் இவளைவிடக் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஓடுங்கன்னாங்க, ஓடுனேன். இப்ப ஏன்யா ஓடுனன்னு கேக்குறாங்க. பதறிட்டேனாம்ல? பாய்லர் வெடிச்சப்பவே பதறாத ஆளும்மா நானு."

"உங்களுக்கு மராத்தி தெரியுமே, ஐயா. அந்த 'ஓடா'ன்னு தோணலையா?"

"மராத்தியில சொல்லியிருந்தா மராத்தியாக் கேட்டிருப்பேன். தமிழ்ல சொன்னாங்க, தமிழாத்தான கேக்க முடியும்?"

இந்த ஒரு வரியைக் கையில் பிடித்துக்கொண்டு சந்திரிகா கூட்டத்துக்குப் போனாள்.

திட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் பேண்ட்சே மேடம். பழைய புனேயில், சதாசிவப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த மராத்திக்காரர். சந்திரிகா விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினாள். தமிழில் அந்தச் சொல்லுக்கு ஓட்டமெடு என்று அர்த்தம் என்றாள். பேண்ட்சே மேடம் புருவத்தை உயர்த்தினார்.

"சிவப்புப் பிடியை ஓடா. எனக்கே புரிகிறதே! தமிழ் இவ்வளவு சுலபமா என்று அன்றைக்கு எனக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது."

"உங்களுக்குப் புரிகிறது என்பதுதான் பிரச்சினை, மேடம்."

மேஜையைச் சுற்றி யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோவிந்தராஜன் பொறுமைசாலிபோல நாற்காலியில் சாய்ந்தார்.

"நானும் தமிழ், அவங்களும் தமிழ். எங்க வீட்டில் எல்லாரும் இப்படித்தான் சொல்வோம். மேடமுக்குத் தன் கதவு மேல ரொம்பப் பாசம். எமோஷனல் ஆயிட்டாங்க, அவ்வளவுதான்."

எமோஷனல். இத்தனை வருஷமாகக் கிராம் கிராமாக எடை குறைத்து, ஐஸ் அறைக்குள் வைத்து இழுத்து, சுடுமணல் தூவி இழுத்து அவள் உருவாக்கியதை அந்த ஒரு சொல்லால் துடைத்துப் போட்டார். ஊரை விட்டு வந்து, மூன்று பாஷையில் தப்பில்லாமல் பேசக் கற்றுக்கொண்டு, கடைசியில் சொந்தப் பாஷைக்கு இங்கே சாட்சி தேட வேண்டியிருந்தது. சாட்சி சொல்ல ஆள் இல்லை. இருந்த இன்னொரு தமிழரும் எதிர்க்கட்சி.

"கொட்டகைக்கு வாங்கோ" என்று எழுந்தாள் சந்திரிகா. "எல்லாரும் வாங்கோ. பத்து நிமிஷம். அப்புறம் என் கதவைப் பேத்தெடுத்து பங்கார்வாலாகிட்டப் போடுங்கோ, நான் வாயே திறக்கலை."

பழைய இரும்புக் கடைக்காரனைச் சொன்னது பேண்ட்சே மேடமுக்குப் புரிந்தது. அவர் எழுந்தார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தார்கள்.

கொட்டகையில் கோவிந்தராஜனைத் துரைசாமியின் இருக்கையில் உட்கார்த்தினாள். பெல்ட்டைப் போடச் சொன்னாள். "தமிழ்ல சொல்லுவேன், சார். நீங்க தமிழ்தானே? சொன்னதைச் செய்யணும், அவ்வளவுதான்." விளக்கை அணைக்கச் சொன்னாள். பிறகு, அந்த வாரம் முழுக்கக் கதவுகளிடம் மட்டுமே காட்டிய கோபத்தை ஒன்றாகத் திரட்டிக் கத்தினாள்:

"சிவப்புப் பிடியை இழுங்கோ! இழுங்கோ!"

கோவிந்தராஜன் அசையவில்லை.

"இழுங்கோ சார்! இழுங்கோ!"

இருட்டில் அவர் தடுமாறுவது தெரிந்தது. பெல்ட்டைக் கழற்றினார். சட்டைப் பையைத் துழாவினார்.

"லைட் போடுங்கோ" என்றாள் சந்திரிகா.

வெளிச்சம் வந்தபோது கோவிந்தராஜன் கையில் பேனா இருந்தது.

"இழுங்கோன்னா... எழுதச் சொன்னேளா? என்ன எழுதணும்?" என்றார்.

பேண்ட்சே மேடம் சிரிக்கவில்லை. பேனாவையும் அதிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்த சிவப்புக் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சந்திரிகா பக்கம் திரும்பினார்.

"அப்படியென்றால் ஒரு சொல்லைச் சொன்னால் பாதிப் பேர் ஓடுவார்கள். இன்னொன்றைச் சொன்னால் மீதிப் பேர் பேனா எடுப்பார்கள். நான் எதைப் போடுவது?"

தன் வீட்டிலிருக்கும் இரண்டு பேரும் பேனா எடுக்கும் கட்சிதான் என்பது அப்போதுதான் சந்திரிகாவின் நெஞ்சில் இடித்தது. "'இழுங்க'ன்னு சொல்லட்டும். கையாலயும் இழுத்துக் காட்டட்டும். கிளம்பறதுக்கு முன்னாடியே அந்த வரிசையில் இருக்கறவாகிட்ட ஒவ்வொருத்தரா புரிஞ்சுதான்னு கேட்கட்டும். புரியாதவா அங்கே உட்காரக் கூடாது" என்றாள்.

மறுபடி ஒத்திகை நடந்தது. நொண்டிக்கொண்டே வந்து, நான்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து அதே இருக்கையில் உட்கார்ந்தார் துரைசாமி. குரல் வந்த நொடியில் ஒரே இழுப்பு. கதவு எகிறித் திறந்தது. "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுக்கொண்டே வெளியே இறங்கினார்.

கதவு தப்பித்தது. கோவிந்தராஜன் எல்லோருக்கும் அனுப்பிய மெயிலில், 'மொழி சம்பந்தமான சிறு மாற்றத்துக்குப் பின் ஒத்திகை வெற்றி' என்று இருந்தது. சிறு மாற்றம். துரைசாமி பதறவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. சந்திரிகா அன்றும் பிரிட்ஜைத் திறந்து மூடினாள்.

புனேயின் லோஹகாவ் விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு முதல் பயணம். முன்பக்கம் மாலை, லட்டு, போட்டோ. கம்பெனிக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். சந்திரிகா தன் கதவு வரிசையைக் கேட்டு வாங்கியிருந்தாள். ஆனால் ஜன்னலோர இருக்கையில், கைப்பிடிக்கு நேர் கீழே, கழுத்தில் ரோஜா மாலையோடு கோவிந்தராஜன் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ மேடம். கதவு ஜோரா இருக்கு" என்றார்.

பணிப்பெண் வந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண்போலிருந்தது. கைப்பிடியைக் காட்டி, கையால் இழுத்துக் காட்டி, தமிழில் சொல்லி முடித்தாள். "புரிஞ்சுதா சார்?"

"ஹோ, ஹோ" என்று மராத்தியில் ஆமாம் போட்டார் கோவிந்தராஜன், மொபைலைப் பார்த்தபடியே.

"என்ன புரிஞ்சுதுன்னு கேளும்மா" என்றாள் சந்திரிகா.

"மேடம், ப்ளீஸ்..."

"வாயால சொல்லச் சொல்லு. சொல்லலைன்னா இவரை வேற சீட்டுக்கு மாத்து. உன் ரூல்தானே அது?"

பணிப்பெண் இருவரையும் பார்த்தாள். "சார், என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றாள்.

கோவிந்தராஜனின் உதடு அசைந்தது. "ஓ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முன்னாலும் பின்னாலும் தலைகள் திரும்பின. அவர் மெல்ல எழுந்தார். மாலை கைப்பிடியில் சிக்காமல் சந்திரிகாவே எடுத்துவிட்டாள்.

மூன்று வரிசை பின்னாலிருந்து வாசுதேவன் ஆவலாகக் கை தூக்கினார். "நான் வேணா அங்கே வரட்டுமா, சந்திரி?"

"நீங்களும் அங்கேயே உட்காருங்கோ."

நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சிவப்புப் பிடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொடவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள், தீரவில்லை. பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டாள். வெளியே ஓடுபாதை மழையில் பளபளத்தது. விமானம் ஓடத் தொடங்கியது.