நான்காவது நட்டு

ஜப்பான்காரன் ஆட்சியின் இரண்டாம் வருடத்தில் எங்கள் காரைக் கேட்டு ஆள் வந்தது. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவர் கல்யாணத்துக்கு முன்பே யாரிடமோ பழையதாக வாங்கிய சின்னக் கார் அது. பெட்ரோல் கிடைக்காமல் போனபிறகு வீட்டின் பின்புறம் அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகையில் ஒரு வருடத்துக்கு மேலாக நின்றது. கடல் காற்று சும்மா விடுமா? அடிப்பக்கம் முழுக்கத் துரு.

அதிகாரி வாசலில் நின்றார். கூட வந்த மொழிபெயர்ப்பாளன்தான் பேசினான்.

"மூணு நாள். கார் ஓடற மாதிரி இருக்கணும். ஓடலன்னா உங்களத்தான் கூட்டிட்டுப் போவாங்க."

என் கணவர் குனிந்து வணங்கிவிட்டு, முன்சக்கரத்து ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். அதை மொழிபெயர்க்கும்வரைகூட அதிகாரி பொறுக்கவில்லை. கன்னத்தில் விட்ட அறையில் என் கணவரின் மூக்குக்கண்ணாடி தெறித்து முற்றத்தில் போய் விழுந்தது. நான் எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

உடைந்தது இடது முன்சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்கும் வில்பட்டைகளில் முதல் பட்டை. அதனால் கார் அந்தப் பக்கம் சாய்ந்தே நின்றது. வழக்கமாக எங்கள் காரைப் பழுது பார்த்த சீனரை, ஜப்பான்காரன் வந்த புதிதில் தெருத்தெருவாக ஆள் பிடித்தபோது கொண்டுபோய்விட்டார்கள். அவர் பட்டறை பூட்டியே கிடந்தது. வேறு யாரையும் நம்பிக் காரை விடவும் பயம். குண்டு விழுந்தபோது பின்பக்கம் நசுங்கி ரோட்டோரம் கிடந்த அதே மாதிரிக் காரிலிருந்து என் கணவர் முன்பே ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றி வந்திருந்தார். அதை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. மாட்டுவதற்கு முன்னால் பழையதைக் கழற்ற வேண்டும்.

பின்வரிசை வீட்டில் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஒருவர் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்தவர், நாற்பது வயதிருக்கும். நான் அவரை அண்ணன் என்றுதான் சொல்வேன். கேட்டவுடன் ஒரு ஜாக்கியும் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புப் பைப்பும் கொண்டுவந்தார். என் மாமியாருக்கு அவரைக் கொல்லைப்படி தாண்ட விடுவதில் விருப்பமில்லை. யாழ்ப்பாணத்து வழக்கத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர் மாமி. அந்த அண்ணனுக்குத் தண்ணீர் கொடுக்கத் தனியாக ஒரு தகரக் குவளை வைத்திருந்தார்.

ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்துப் பிடிப்பவை இரண்டு வளைந்த போல்ட்டுகள். அவற்றுக்கு நான்கு நட்டுகள். மண்ணெண்ணெய் இல்லை. சமையலுக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயைத் துணியில் நனைத்து நான்கிலும் சுற்றி ஊறவிட்டோம். மறுநாள் ஸ்பானரின் பிடியில் அந்தப் பைப்பைச் செருகி அழுத்தியதில் மூன்று நட்டுகள் கிறீச்சிட்டுக்கொண்டே அசைந்தன. நான்காவது அசையவில்லை. திரும்பத் திரும்ப ஸ்பானர் வழுக்கி அதன் மூலைகள் மழுங்கிவிட்டன. அந்த அண்ணன் ஒரு கம்பியை அடுப்பில் செக்கச்சிவக்கக் காய்ச்சி நட்டின் மேல் வைத்துச் சூடேற்றினார். எண்ணெய் புகைந்ததே தவிர நட்டு இளகவில்லை.

"இனி இத முறுக்கக் கூடாது கிராணி ஐயா. மூலையெல்லாம் தேஞ்சிருச்சு, ஸ்பானர் நிக்காது. வீட்டுல இரும்பு வெட்டற உளி கெடக்கு. எடுத்தாந்து நட்டப் பொளந்துடறேன். வர்ற வரைக்கும் தொடாதீங்க."

அவர் போய் வெகுநேரமாகியும் வரவில்லை. அன்று இரண்டாம் நாள் மத்தியானம். மாமி அரிசிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தார். என் கணவர் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பிறகு காருக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். நான் ஸ்பானரை நட்டோட அமத்திப் பிடிக்கிறன். நீர் பைப்பில தொங்கும்."

"அந்த அண்ணை தொட வேண்டாமெண்டு சொன்னவரெல்லே?"

"நாளைக்கு அவையள் வந்து நிண்டால் அண்ணையே பதில் சொல்லுவார்? தொங்குமெண்டால் தொங்கும்."

நான் பைப்பில் என் முழுப்பாரத்தையும் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கால்களைத் தரையிலிருந்து எடுத்துவிட்டுத் தொங்கினேன். ஸ்பானர் வழுக்கியது. பைப்போடு நான் மண்ணில் விழுந்தேன். பிறகு அவர் மெதுவாக வெளியே வந்தார். ஸ்பானருக்கும் காரின் அடிச்சட்டத்து விளிம்புக்கும் நடுவே கை அகப்பட்டு, உள்ளங்கையின் அடிப்பாகம் கிழிந்திருந்தது. காயத்துக்குள் துருவும் கோழி கிளறிய மண்ணும் அப்பியிருந்தன.

"பெரிசா ஒண்டுமில்லை" என்றார்.

தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் வைத்து, பழைய புடவைத் துணியால் கட்டினேன். சற்று நேரத்தில் அந்த அண்ணன் உளியோடு வந்தார். யாரிடமோ கொடுத்திருந்ததைத் தேடி வாங்கி வந்தாராம். என் கணவரின் கைக்கட்டைப் பார்த்தார், மண் ஒட்டியிருந்த என் புடவையையும் பார்த்தார். உளியை நட்டின் பக்கவாட்டில் வைத்து ஏழெட்டு அடி அடித்தார். நட்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது.

மூன்றாம் நாள் கார் நேராக நின்றது. வந்தார்கள், ஓட்டிக்கொண்டு போனார்கள். அன்றிரவு என் கணவர் நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

எட்டு நாள் கழித்து, அவித்த மரவள்ளிக்கிழங்கை வாயில் வைத்தவர் அப்படியே எடுத்துவிட்டார்.

"தாடை இறுகிப்போய்க் கிடக்கு. மெல்ல ஏலாது."

குளிர் பிடித்திருக்கும் என்று மாமி எண்ணெய் தடவினார். மறுநாள் வாய் ஒரு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் அந்த அண்ணன்தான். டாக்டர் கைக்கட்டை அவிழ்த்துப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். இது ரணஜன்னி, இதற்கான ஊசி மருந்து நாட்டுக்குள் வந்தே பல மாதம் ஆகிறது என்றார்.

மூன்று நாள் இருந்தார். கதவு சாத்தும் சத்தம் கேட்டால் போதும், உடம்பு முதுகுப்பக்கமாக வளைந்து விறைக்கும். என் வளையல் சத்தத்துக்கும் அப்படி ஆனதால், அவற்றைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். கடைசிவரை அவருக்கு நினைவு தப்பவில்லை. அதுதான் கொடுமை.

காரியம் முடிந்த மறுநாள் மாமி சமையலறையில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"அண்டைக்கு அந்தப் பைப்பை அமத்தினது ஆர்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கொல்லைப்படிக்கு வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தார்.

"நாந்தாம்மா. ஐயா கை வச்சிருந்தத கவனிக்காம அமுக்கிட்டேன்."

மாமி எழுந்து போய் அவரை ஏசிய ஏச்சு இன்றும் என் காதில் இருக்கிறது. அவருடைய பிள்ளைகளையும் சேர்த்துச் சபித்தார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தெருக்குழாயடியில் அவரிடம் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"நீங்க அந்த வீட்டுலயே இருந்தாகணும் தங்கச்சி. நான் எப்பவும் படிக்கு வெளிய நிக்கற ஆளுதானே."

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். போக வேறு வீடு எனக்கு இல்லை. அப்படியே மாதங்கள் போயின. ஒருநாள் துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர்களில் பாதிப்பேரை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அந்த அண்ணனும் அதில் போனார். திரும்பி வரவில்லை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகுதான், அன்று பைப்பை அழுத்தியது நான் என்று மாமியிடம் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அப்பவே சொல்லியிருந்தால் உன்னை வீட்டை விட்டுக் கலைச்சிருப்பன்" என்றார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவன்ர பெண்சாதி இப்ப எங்க?" என்று கேட்டார்.

கடலுக்கு அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸில் சொந்தக்காரர்களோடு வயல் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் காலையிலேயே இருவரும் பெர்ரிப் படகில் ஏறி அக்கரைக்குப் போய்த் தேடினோம். அவளை அறிந்த ஒருத்தி மட்டும் அகப்பட்டாள். காய்ச்சலில் ஒரு பிள்ளை செத்துப்போக, மற்றதைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு தோட்டத்துக்கு அவள் போய்விட்டாளாம். எந்தத் தோட்டம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. மாமி திரும்பத் திரும்ப அதையே கேட்டார். அவளும் சலிக்காமல் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.